நம்பர் சரியாத்தான் இருந்தது

என் அப்பா அரசுப் பேருந்தில் 30 வருடம் கண்டக்டராக இருந்தவர். 2011-இல் ஓய்வு பெற்றார். 2024-இல் வயது 71. பீடியை விட்டுப் பல வருடம் ஆகியும் பீடி அவரை விடவில்லை. சிஓபிடி என்கிற நுரையீரல் அடைப்பு நோய். வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் ஒன்று வாடகைக்கு ஓடும், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று தலைமாட்டில் கிடக்கும். அம்மா இல்லை. நான் ஒரே பெண். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. 2024 நவம்பரில் அப்பாவை ஐசியூவில் வைத்துக்கொண்டு 15 நாள் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அப்போது யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் நினைத்த விஷயங்களைத்தான் எழுதுகிறேன். முதல் தப்பு மருத்துவமனையில் நடக்கவில்லை, என் வீட்டில் நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிப் புகை அடங்கிப் பத்து நாள் இருக்கும். அப்பாவுக்குச் சளியும் இருமலும் கூடியிருந்தன. 11-ஆம் தேதி ராத்திரி ஆக்சிமீட்டரில் 86 காட்டியது. கான்சென்ட்ரேட்டரை நிமிடத்துக்கு ஒரு லிட்டரிலேயே வைக்க டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் ஒரு லிட்டர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பயத்தில் திருகி ஐந்தில் வைத்தேன். பத்து நிமிடத்தில் 97 வந்தது. அப்பாடா என்றிருந்தது. அப்பாவும் இருமலை நிறுத்திவிட்டு அசந்து தூங்கினார். ராத்திரி இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன், அதாவது விரலில் மாட்டியிருந்த மெஷினைப் பார்த்தேன். 96. 97. காலையில் காபியோடு எழுப்பினால் கண் திறக்கவில்லை. உலுக்கினால் முனகினார், கை உதறிக்கொண்டே இருந்தது. நம்பர் அப்போதும் 97-தான்.

108-இல் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கரியமில வாயு 92. சாதாரணமாக 35-லிருந்து 45-க்குள் இருக்க வேண்டுமாம். இந்த நோய் முற்றியவர்களில் சிலருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மேல் கொடுத்தால் உள்ளே கரியமில வாயு சேர்ந்து ஆளை மயக்கத்தில் தள்ளிவிடும். விரலில் மாட்டும் மெஷின் ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும், இதைக் காட்டாது. அதனால் இப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாக 88-லிருந்து 92 வரை இருந்தால் போதும் என்கிறார்கள். 97 எனக்கு நல்ல மார்க்காகத் தெரிந்தது, அவருக்கு அது விஷம். நெஞ்சில் தொற்றும் இருந்தது, முழுக்க உங்கள் தப்பு இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் அந்த ராத்திரி நான் விரலைப் பார்த்த அளவுக்கு முகத்தைப் பார்க்கவில்லை என்பது மனதில் இன்னும் உறுத்துகிறது. வீட்டில் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள், உங்கள் ஆளுக்கு எந்த நம்பர் சரி, எத்தனை லிட்டரைத் தாண்டக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டு அந்த மெஷின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். காலையில் தலைவலி, பகலில் தூக்கம், கை உதறல், பேச்சில் குழப்பம் இதெல்லாம் வந்தால் நம்பர் அழகாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

அட்மிஷன் சமயத்தில் ஒரு சிஸ்டர் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரை என் கையில் கொடுத்தார். உள்ளே வாட்ச், வெள்ளி அரைஞாண், மூக்குக் கண்ணாடி, இரண்டு காது மெஷின், பல் செட். "பத்திரமா வச்சுக்கோங்க மேடம், உள்ள தொலைஞ்சா நாங்க பொறுப்பில்ல." கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். இந்தக் கவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் முகத்தில் இறுக்கிக் கட்டும் மாஸ்க், பைபேப் போட்டார்கள். அப்பா அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு "பெட் நம்பர் ஏழு அட்டெண்டர் யாரு?" என்று கூப்பிட்டார்கள். தொண்டையில் குழாய் விட்டு வென்டிலேட்டர் போட வேண்டும், கையெழுத்து. நான்கு பக்க ஆங்கிலப் படிவம். அவர்கள் எங்கே விரல் வைத்தார்களோ அங்கே போட்டேன். இன்னொரு தடவை அந்த நிலைமை வந்தால் மூன்று கேள்வியாவது கேட்பேன். இது எதற்காக, போடாவிட்டால் என்ன ஆகும், எது சரியானால் இதை எடுப்பீர்கள். மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். குழாயை எடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தினமும் மயக்க மருந்தைக் குறைத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று சோதித்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனை இன்றைக்கு நடந்ததா என்று தினமும் கேட்கலாம். நான்காம் நாள் நான் கேட்டபோது டாக்டர் முதல்முறையாக மானிட்டரிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்துப் பதில் சொன்னார்.

அந்த டாக்டரைக் குறை சொல்ல வரவில்லை. அப்பா உயிரோடு இருப்பது அவராலும் அந்த மெஷின்களாலும்தான். ஆனால் அங்கே எல்லோர் கண்ணும் திரையில்தான் இருந்தது. பார்வை நேரம் காலை 11, மாலை 5, தலா ஐந்து நிமிடம். இரண்டாம் நாள் நான் உள்ளே நிற்கும்போதே அப்பாவின் மானிட்டர் அலற ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு, ஆக்சிஜன் இருந்த இடத்தில் வெறும் கோடு. என் உயிர் போய்விட்டது. சிஸ்டர் அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டே, "கிளிப் கழண்டிருக்கும் மேடம், விரல்ல மாட்டி விடுங்க" என்றார். மாட்டினேன், நின்றது. அந்த ஹாலில் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை அப்படிக் கத்தும் என்று எண்ண முடியாது. பாதிக்கு மேல் இப்படிக் கிளிப்பும் வயரும்தான். கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது மரத்துப்போகிறது. மூன்று நோயாளிக்கு ஒரு சிஸ்டர் என்றால் வேறு எப்படி இருக்கும்?

15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மயக்க மருந்தைக் குறைத்தார்கள். மாலை உள்ளே போனபோது அப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கண் திறந்திருந்தது, என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. "ரொம்ப வயலன்ட் ஆகுறாரு, டியூபைப் பிடுங்குறாரு, சொன்னா கேக்குறதில்ல" என்றார்கள். சண்டை போட்டேன். திருடனைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது என்று சத்தமாகவே சொன்னேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நிதானமாக யோசித்தால் அவர்கள் பயமும் நியாயம்தான். தொண்டைக் குழாயை நோயாளியே பிடுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் கட்டுவதற்கு முன்னால் யாராவது ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் மாலை, கொடுத்த ஐந்து நிமிடத்தில் பேசாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டுக்குள் கை சும்மா இல்லை. இடது கை எதையோ பிடித்திருக்கிற மாதிரி மடங்கியிருந்தது. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அதன் மேல் ஒரு இழுப்பு, அப்புறம் நீட்டல். திரும்ப ஒரு இழுப்பு, ஒரு நீட்டல். சின்ன வயதில் அவர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆயிரம் தடவை பார்த்தது. அப்பா டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

இரவு ஷிஃப்டுக்கு வந்த சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். சிரிப்பார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தாத்தா கண்டக்டரா? எங்களுக்குத் தெரியாதே. ஃபைல்ல எழபத்தொண்ணு, ஆண், சிஓபிடி, அவ்வளவுதான் இருக்கு" என்றார். அப்புறம் கேட்டார்: "காது கேக்குமா அவருக்கு?" கைப்பையைத் திறந்தேன். ஐந்து நாளாக அந்தக் கவர் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. காதும் கேட்காமல், கண்ணும் தெரியாமல், பகலா இரவா என்று தெரியாத குழல் விளக்கு வெளிச்சத்தில், வாயில் குழாயோடு ஒருவர் கிடக்கிறார். சொன்னால் கேட்கவில்லை என்கிறார்கள். கேட்டால்தானே!

காது மெஷினை மாட்டிக் கண்ணாடியைப் போட்டுவிட்டு, அந்த சிஸ்டர் காதருகே குனிந்து, "அய்யா, இது ஆஸ்பத்திரி. உங்க பொண்ணு நிக்குறாங்க பாருங்க. மூச்சுக்காகத்தான் வாயில குழாய், ரெண்டு மூணு நாள்ல எடுத்துருவோம். அதான் பேச முடியல, பயப்படாதீங்க" என்றார். அப்பா கண்ணை உருட்டி என்னைத் தேடினார், பிடித்தார். கண்ணோரத்தில் நீர் வடிந்தது. இவ்வளவுக்கும் ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

இந்தக் குழப்ப நிலைக்கு டெலிரியம் என்று பெயர். ஐசியூவில், அதிலும் வயதானவர்களுக்கு, வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வருவது. பைத்தியமும் இல்லை, அடமும் இல்லை. மருந்து, தொற்று, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வருவது. கண்ணாடியும் காது மெஷினும் மாட்டிவிடுவது, இன்றைக்கு என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது, ராத்திரி விளக்கைக் குறைப்பது, தெரிந்த குரல் பக்கத்தில் இருப்பது, இவையெல்லாம் உண்மையிலேயே உதவும். அதனால் அந்தக் கவரைக் கையில் கொடுத்தால் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். பல் செட் வெளியே இருக்கட்டும். கண்ணாடியும் காது மெஷினும், ஆள் விழித்ததும் மாட்டிவிட வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி சிஸ்டர் கையில் கொடுங்கள். எம்ஆர்ஐக்குக் கொண்டுபோனால் மட்டும் கழற்றியாக வேண்டும். பேட்டரியும் வாங்கிவையுங்கள். அப்பாவுடையது 13-ஆம் எண், ஆரஞ்சு ஸ்டிக்கர். ஞாயிற்றுக்கிழமை அதற்காகத் தில்லைநகரில் கடை கடையாக அலைந்தேன்.

பேச முடியாதவரிடம் பேசுவதற்கு ஒரு எழுத்து அட்டை கொடுத்தார்கள். ஆங்கில எழுத்து. தமிழில் கேட்கலாமென்றால், 247 எழுத்தை அட்டையில் போட்டு அதில் விரல் வைத்துத் தேடிக் கூட்டி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடும். பிறகு நானே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எட்டு வார்த்தை எழுதினேன். வலி, தாகம், குளிருது, சளி எடுக்கணும், திரும்பிப் படுக்கணும், கையை அவுத்துவிடு, பயமா இருக்கு, பாப்பா எங்க. "பாப்பா" நான்தான், 44 வயதில். அவர் முதலில் தொட்டது சளி எடுக்கணும். இத்தனை நாள் குழாயைப் பிடுங்கப் போனதற்குப் பாதிக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

ஞாயிறு காலை அந்த சிஸ்டர் சொல்லி வீட்டுத் தினசரி காலண்டரைக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் காலண்டர் தாளைக் கிழிப்பது அப்பாவின் வேலை, வேறு யாரும் தொடக் கூடாது. அதனால் அது 11-ஆம் தேதி திங்கட்கிழமையிலேயே நின்றிருந்தது. சிஸ்டர் வலது கைக் கட்டை அவிழ்த்துவிட்டு, காலண்டரை அவர் முன்னால் பிடித்தார். அப்பா உற்றுப் பார்த்தார். "இன்னைக்குப் பதினேழுப்பா" என்றேன். கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனார், எச்சில் தொட. குழாய் தடுத்தது. அப்படியே கிழித்தார். 11, 12, 13, ஒவ்வொன்றாக ஆறு தாள். கடைசியாகக் கார்த்திகை 2, ஞாயிறு என்று வந்ததும் நிறுத்தி, கிழித்த ஆறையும் எண்ணி என் கையில் கொடுத்தார். சில்லறை கொடுக்கிற மாதிரி. அன்றிலிருந்து சிஸ்டர் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் கையை அவிழ்த்துவிட்டார்கள். குழாயை அவர் தொடவில்லை. 20-ஆம் தேதி எடுத்தார்கள்.

அன்று மாலை கட்டிலில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. "கண்டக்டர் அய்யா. காது மெஷின் மாட்டிவிட்டுப் பேசவும்." சிஸ்டரின் கையெழுத்து. அதற்குப் பிறகு டாக்டரும் ரவுண்ட்ஸில், "என்ன கண்டக்டர், ரைட் கொடுக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார். இப்படி ஒரு தாளை முதல் நாளே நானே ஒட்டியிருக்க முடியும். பெயர், வீட்டில் எப்படிக் கூப்பிடுவோம், என்ன வேலை பார்த்தார், எந்தக் காது கேட்கும், எதற்குப் பயப்படுவார். ஐந்து வரி போதும்.

இனிப் பணக் கதை. மொத்த பில் 4,78,000. அட்வான்ஸ் 50,000 கட்ட வளையலை அடகு வைத்தேன். எங்களுக்கு ஐந்து லட்ச ரூபாய் பாலிசி இருந்ததால் தைரியமாக இருந்தேன். வந்தது 3,96,000. கையுறை, மாஸ்க், டயப்பர் என்று பாலிசியில் வராத சாமான்கள் 58,000. அது தவிர இன்னொரு 24,000 என் அசட்டுத்தனத்துக்கு. ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றும்போது, பட்ட பாட்டுக்கு அப்பா நிம்மதியாக இருக்கட்டும் என்று 8,000 ரூபாய் அறையை எடுத்தேன். பாலிசியில் அறை வாடகை நாளுக்கு பாலிசித் தொகையில் ஒரு சதவீதம் வரைதான், அதாவது 5,000. மிச்சம் 3,000-ஐ நான் கட்டினால் போதும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. டாக்டர் விசிட், நர்ஸிங் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில், எட்டில் மூன்று பங்கு வெட்டினார்கள். அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் இன்சூரன்ஸ் டெஸ்கில் வாடகை வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று காலை 9 மணிக்கு "வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள், கிளம்பியது மாலை 6-க்கு மேல். டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024-இலேயே சொல்லியிருக்கிறது. தாமதத்தால் கூடுதல் கட்டணம் வந்தால் அதையும் நிறுவனமே ஏற்க வேண்டும். அப்போது எனக்கு அது தெரியாது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்பது நாள் சம்பளம் பிடித்தார்கள், அது தனி.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "பாப்பா, இந்த வாட்டி பொழச்சேன், சரி. இனி தேறவே மாட்டேன்னு ஆயிட்டா அந்தக் கொழாயப் போட்டு இழுக்காத." எனக்கு கோபம் வந்தது, பிறகு வக்கீலைப் பார்த்தோம். தேறவே வழியில்லாத நிலையில் என்ன வைத்தியம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதற்கு (லிவிங் வில் என்பார்கள்) 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி செய்து, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜடட் அதிகாரி முன் கையெழுத்து, போதும். கையெழுத்துப் போட்டதும் வைத்தியத்தை நிறுத்திவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. மீளவே வழியில்லாத நிலையில், மருத்துவர் குழுக்கள் பார்த்து முடிவு செய்த பிறகுதான் அது செல்லும். அப்பா கையெழுத்துப் போட்டார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை, அவர் தூங்கினார்.

ஆக்சிமீட்டரை இன்னும் வைத்திருக்கிறேன், காலையில் ஒரு தடவை பார்ப்பேன். அதற்கு முன்னால் வேறொரு சோதனை. எழுந்ததும் அப்பா காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு, பழைய ரூட்டில் தஞ்சாவூரிலிருந்து திருச்சி வரை ஸ்டாப்பிங் சொல்ல வேண்டும். ஆள் மந்தமாக இருந்தால் அதில் தெரிந்துவிடும். நேற்றுக் காலை வல்லம், செங்கிப்பட்டி என்று வந்தவர் துவாக்குடியில் நின்றுவிட்டார். எனக்குப் பக்கென்றது. போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அப்பா? அப்புறம்?"

"இரு பாப்பா, செக்கிங் ஏறியிருக்காங்க" என்றார்.